தொம்மை அண்ணாச்சியின் எடை

துலாவில் விடிந்ததும் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. "எத்தன?" என்றுதான் கேட்பார்கள். பல் தேய்த்து, காபிக்கு முன்னால் தராசில் ஏறி இறங்கி, சுவரில் மாட்டியிருக்கும் பேசியை எடுத்து, எதிர்க்கோடியில் இருக்கிற ஆளிடம் தன் எடையைச் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை.

வெளியிலிருந்து பார்த்தால் துலா ஒரு பெரிய காவடி. நீளமான ஒரு தண்டு, அதன் இரண்டு நுனியிலும் ஆட்கள் குடியிருக்கிற கூடு. ஒன்று கிழக்குக் கூடு, மற்றது மேற்குக் கூடு. விண்வெளியில் ஏது கிழக்கு, ஏது மேற்கு என்று கேட்கக் கூடாது. ஏதோ ஒரு பெயர் வேண்டுமல்லவா? காவடி ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் கூட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கால் தரையில் பாவும், சோறு தட்டில் நிற்கும். பூமியில் இருக்கும் எடையில் பாதிதான். ஆனாலும் குடித்தனம் நடத்த அது தாராளம்.

சிக்கல் எல்லாம் நடுவில். கப்பல் வந்து ஒட்டுகிற நடுத்துறை சுற்றாது. சுற்றுகிற தண்டுக்கும் சுற்றாத துறைக்கும் இடையே ஒரு பழைய பேரிங் உண்டு. ஒரு கூடு கனத்து மறு கூடு இளைத்தால் அது முனக ஆரம்பித்துவிடும். முனகும்போது கப்பல் ஒட்ட முடியாது. தண்ணீரைக் குழாய் வழியாக அங்குமிங்கும் அனுப்பிச் சமன் செய்யலாம் என்று முதலில் முயன்றார்கள். குழாய் உறைந்து வெடித்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு மனிதனுக்கு மனிதனே எடைக்கல். வந்து இறங்கிய அன்றே எல்லாரையும் நிறுத்துப் பார்த்து, ஒரே எடையுள்ள இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவரைக் கிழக்கிலும் மற்றவரை மேற்கிலும் குடிவைத்துவிடுவார்கள். உனக்கு அவர் எதிரெடை, அவருக்கு நீ எதிரெடை. ஒருவர் ஊருக்குத் திரும்பினால் மற்றவரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பேசியில் குரல் மட்டும்தான் கேட்கும், முகம் தெரியாது. முகத்தைப் பார்த்தால் ஆள் ஊதியிருக்கிறாரா வற்றியிருக்கிறாரா என்று தெரிந்துவிடும், அது மரியாதை இல்லை என்று முதலில் வந்தவர்கள் நினைத்தார்கள். அதிகாரி வந்து நிறுத்துப் பார்க்கிற வழக்கமும் கிடையாது. அவரவர் சொல்லுவதுதான் எடை. எதிரெடையிடம் பொய் சொன்னவர் என்று துலாவில் ஒருவரும் இருந்ததில்லை.

செண்பகவல்லி சொல்லும் வரைக்கும்.

"அறுபத்திரெண்டு, அண்ணாச்சி" என்றாள் அன்று காலையும். தராசு அறுபத்தாறு காட்டியது. அவள் அதிலிருந்து இறங்கக்கூட இல்லை.

"நானும் அங்கனதான் நிக்குதேன் தங்கச்சி" என்றார் தொம்மை. "காப்பி குடிச்சாச்சா?"

"இனிமேதான் அண்ணாச்சி. நீங்க?"

"நமக்கென்ன, ஊருக்கே டீ குடுக்குத ஆளு. நீ நல்லாச் சாப்பிடு, என்ன?"

தொம்மை தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு நாள் கிரேனிலிருந்து விழுந்ததில் இரண்டு முழங்காலும் நொறுங்கிப்போயின. அதற்குப் பிறகு பூமியில் அவருக்குச் சக்கர நாற்காலிதான் வாழ்க்கை. பாதி எடையில் அந்தக் கால்கள் தாங்கும் என்று எவரோ டாக்டர் சொன்னதை நம்பித் துலாவுக்கு வந்தார். தாங்கின. வந்த மறுநாளே மேற்குக் கூட்டில் டீ வண்டியைத் தள்ளுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு தடவை கொடுத்தால் போதுமான டீயை மூன்று தடவையாகக் கொண்டுபோய்க் கொடுப்பாராம். நடக்க முடிகிறது என்பதற்காகவே நடக்கிற மனிதர். இதையெல்லாம் அவரே ஆறு வருடமாகப் பேசியில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவைதான் சிரிக்காமல் சொன்னார். "திரும்ப அந்த நாற்காலியில போயி உக்காரணும்னா, அதுக்கு நான் அன்னைக்கே செத்துருக்கலாம் தங்கச்சி."

செண்பகவல்லியால் அந்தப் பேச்சைத்தான் மறக்க முடியவில்லை. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, இனி இல்லை என்று டாக்டர்களே கைவிரித்த பிறகு, அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. பாதி எடையில் கரு வளர்ந்தால் எலும்பு பிடிக்காது. அதனால் ஐந்தாம் மாதம் முடிவதற்குள் கர்ப்பிணி பூமிக்கு இறங்கிவிட வேண்டும் என்பது துலாவின் சட்டம். அவள் இறங்கினால் தொம்மையும் இறங்க வேண்டும். நாலு மாதம் ஓடிவிட்டது. வரப்போகிற கப்பலை விட்டால், அடுத்த கப்பல் வருவதற்குள் காலம் கடந்துவிடும். எட்டு வருடமாகப் பிள்ளை வரம் வேண்டிக்கொண்டவளுக்கு இப்போது சாமியிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. பிள்ளையைக் கேட்டால் அண்ணாச்சியின் காலைப் பறித்த மாதிரி ஆகும். அவர் காலைக் கேட்டால்?

புருஷனிடமும் சொல்லவில்லை. ஆவுடையப்பன் வேறு எந்த வேலையில் இருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பாள். ஆனால் அவன் சமன் அறையின் பொறுப்பாளன். இரண்டு கூட்டின் எடையையும் சரிபார்ப்பதுதான் அவன் உத்தியோகம். தெரிந்தால் சட்டப்படி அன்றே தலைமைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைக்கத் தெரிந்த மனுஷனும் இல்லை. பிறந்தநாளுக்கு வாங்கிய சேலையையே ஒரு வாரம் முன்னால் உளறிவிடுகிற ஆள்.

போன மாதம் பேரிங் முனகத் தொடங்கியது. முதலில் ராத்திரி தலையணையில் காது வைத்தவர்களுக்கு மட்டும் கேட்டது. பிறகு டம்ளரில் காபி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. ஆவுடையப்பன் சாப்பாடு தூக்கம் இல்லாமல் அலைந்தான். அரிசி மூட்டைகளை எண்ணினான், கீரைத் தொட்டிகளில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று குடைந்து பார்த்தான், தரைப்பலகைகளைப் பெயர்த்து அடியில் தவழ்ந்தான்.

"கிழக்க எங்கயோ கூடிப்போச்சு, மேற்க எங்கயோ கொறஞ்சுபோச்சு" என்றான் சாப்பிட உட்கார்ந்தபோது. "சொல்லுத கணக்கெல்லாம் சரியா இருக்கு. பேரிங் மட்டும் இல்லங்குது. பதினஞ்சு கிலோ எங்கட்டி போய் ஒளிஞ்சிருக்கும்?"

செண்பகவல்லி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவளிடம் கூடியிருப்பது நாலு கிலோதான். மீதி யாருடையது? வேறு எவளாவது தன்னைப்போல் மறைக்கிறாளோ என்றுகூட ஒரு நிமிடம் ஆறுதல் பட்டுக்கொண்டாள். "மோர் ஊத்தவா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றினாள்.

கப்பல் வர நாலு நாள் இருக்கும்போது தலைவி ராவியா ஒலிபெருக்கியில் பேசினார். காயல்பட்டினத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். அன்று அவர் குரலிலேயே ஒரு கூச்சம் இருந்தது. "பேரிங் இப்படியே முனகினா கப்பல் ஒட்ட முடியாம திரும்பிப் போயிரும். மருந்தும் சாமானும் அதுலதான் வருது. அதனால வேற வழியில்லாம இதச் சொல்றேன். நாளைக்குக் காலையில ரெண்டு கூட்டிலயும் எல்லாரையும் பொதுவுல நிறுத்துப் பார்க்கப் போறோம். யாரும் தப்பா எடுத்துக்காதீங்க."

அவமானம் என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். செண்பகவல்லிக்கு அவமானத்தைப் பற்றி நினைக்க நேரமில்லை. நாளைக்குப் பத்துப் பேர் முன்னால் தராசு காட்டிக்கொடுப்பதற்குள், அண்ணாச்சி தன் வாயால் கேட்டுவிட வேண்டும். அவருக்கு அந்த மரியாதையாவது மிஞ்சட்டும். பேசியை எடுத்தாள். காலை வேளை தாண்டி அவள் கூப்பிட்டதே கிடையாது.

"என்ன தங்கச்சி, ஒடம்பு சரியில்லயா?" என்றார் தொம்மை எடுத்தவுடன்.

"அண்ணாச்சி, நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டு வாறேன். எடையில."



"தெரியும்" என்றார்.

"தெரியுமா!"

"ஆறு வருஷமா கேக்குத குரலு. ரெண்டு மாசத்துக்கு முன்ன தினமும் காலம்பற நீ எடையச் சொல்லி முடிக்கதுக்குள்ள வாந்தி எடுக்க ஓடுதது எனக்குக் கேக்காதாம்மா? என்ன நோவோ, ஆளு கரைஞ்சுகிட்டே போறா, ஆனா அறுபத்திரெண்டு அறுபத்திரெண்டுன்னு சாதிக்கா. எதுக்கு? உண்மையச் சொன்னா வைத்தியத்துக்குக் கீழ அனுப்பிருவாவ, கூட இந்த நொண்டிப்பயலும் போகணுமேன்னு எனக்காவ மறைக்கா. இதுகூட வெளங்காட்டா நான் என்ன மனுசன்?"

"அண்ணாச்சி..."

"இரு, நான் சொல்லி முடிச்சிருதேன். நானும் உன்கிட்ட பொய்தான் சொன்னேன். நீ எளைச்சா பேரிங் காட்டிக்குடுத்துருமேன்னு நானும் எளைச்சேன். ராத்திரிச் சாப்பாட்ட விட்டேன். பொறவு மத்தியானமும் விட்டுட்டேன். இப்ப அம்பத்தொண்ணு நிக்குதேன் தங்கச்சி. ஆனா இந்தப் பாழாப்போன பேரிங்கு, நான் எளைக்க எளைக்க இன்னும் சாஸ்தியாத்தான் முனகுது. அதான் எனக்கு வெளங்க மாட்டேங்கு. நீ எந்த அளவுக்கு எளைச்சுட்டேம்மா? நெசத்தச் சொல்லு."

செண்பகவல்லி சுவரில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தன. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அய்யோ அண்ணாச்சி, நான் எளைக்கல. கூடியிருக்கேன்! அறுபத்தாறு! அது நோவு இல்ல அண்ணாச்சி, மசக்கை. நாலு மாசமா முழுகாம இருக்கேன்."

ணங்கென்று பின்னால் ஏதோ விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஆவுடையப்பன் நின்றான். கையிலிருந்த ஸ்பேனர் தரையில் கிடந்தது. தரைக்கடியில் தவழ்ந்த தூசி தலையெல்லாம் அப்பியிருந்தது. துலா முழுக்கத் தேடித் திரிந்தவன் அவள் வயிற்றைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி வயிற்றைப் பார்த்தான்.

"ஏட்டி" என்றான். வந்து அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தூசியும் கண்ணீருமாக அவள் சேலையை நாசமாக்கினான். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட, பிள்ளை இல்லையே என்று அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. எவ்வளவு ஆசையை உள்ளே போட்டு வைத்திருந்தான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பேசியில் தொம்மை கத்திக்கொண்டிருந்தார். "யாரது? ஆவுடையா? எலே, நல்ல சேதிலே! அழாத, அழாத!" என்றவர் அவரே அழுதுகொண்டிருந்தார்.

முதலில் சுதாரித்தவன் ஆவுடையப்பன்தான். பேசியை வாங்கினான். "அண்ணாச்சி, மொதல்ல போயி ஒரு தட்டு சோறு சாப்பிடுங்க. மத்ததப் பொறவு பேசுவோம்."

"சாப்பிடுதேன், சாப்பிடுதேன்" என்றார் தொம்மை. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "இந்தக் கப்பல்லயே தங்கச்சி போயிரணும், என்ன? அஞ்சு மாசம்னா அஞ்சு மாசந்தான். என் காலப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. ஆறு வருஷம் நடந்தேன். அது போதும்."

போதும் என்று சொன்ன விதத்திலேயே போதவில்லை என்பது தெரிந்தது. செண்பகவல்லிக்கு வந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ராவியாவின் அறையில் புருஷனும் பெண்டாட்டியும் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்கள். ராவியா கோபப்படவில்லை. நாளைக்கு யாரையும் நிறுத்துப் பார்க்க வேண்டாம் என்பதே அவருக்குப் பாதி நிம்மதி. ஆனால் சட்டம் என்று வந்தபோது கையைப் பிசைந்தார். "செண்பகவல்லி போனா கிழக்குல ஒரு ஆள் எடை குறையும். தொம்மை அங்கேயே இருந்தா மேற்கு கனத்துப் போகும். பேரிங்குக்குப் பாவம் புண்ணியம் தெரியாதே."

"ஒரு வழி இருக்கு" என்றான் ஆவுடையப்பன். "இங்க கொறையுததுல பாதிய மேற்கேருந்து இங்க கொண்டுவந்து வச்சிட்டா சமமாயிரும். அங்க முப்பது கொறையும், இங்க முப்பது கூடும். இவ போன பொறவு அண்ணாச்சி நடுத்துறைக்கு மட்டும் வரக் கூடாது. அவரு எந்திச்சு வந்தா எதிர்ல சாமான் எந்திச்சு வராதுல்லா."

"இத்தனை வருஷமா இது யாருக்கும் தோணாமயா இருந்தது?" என்றார் ராவியா. "பொதுச் சாமான்ல ஒரு ஆணியைக்கூட நகர்த்த முடியாது, எல்லாம் அந்தந்தக் கூட்டுக்கு வேணும். மிச்சம் இருக்கறது சொந்தச் சாமான். தலைக்கு அஞ்சு கிலோ. ஊருலருந்து கொண்டுவந்த அந்த அஞ்சு கிலோவ வச்சுக்கிட்டுத்தான் இங்க ஒவ்வொருத்தரும் உயிரோட இருக்காங்க. அதைக் குடுன்னு யார்கிட்ட கேக்கறது? முன்ன ஒரு தடவை கேட்டாங்க. அரைக் கிலோகூடச் சேரல."

"யாருக்காகக் கேட்டாவ?" என்றாள் செண்பகவல்லி.

ராவியா அவளை ஒரு கணம் பார்த்தார். ஒலிபெருக்கியை எடுத்தார்.

அவர் பேசியது நாலு வாக்கியம்தான். தொம்மைக்காக என்று சொன்னார். எதற்காக என்று சொன்னார். அடுத்த நாள் காலை மேற்குக் கூட்டின் கூடத்தில் டீ வண்டி வருவதற்கு முன்னாலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு அம்மாள் இட்லிக் கொப்பரையை, உள்ளே தட்டோடு, கொண்டுவந்து வைத்தாள். குத்துவிளக்கு வந்தது, கிரிக்கெட் மட்டை வந்தது, நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி வந்தது. ஒருவர் மாமனாரின் படத்தைக் கனமான சட்டத்தோடு கொண்டுவந்து, இதைக் கொடுக்க வருத்தமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்டாட்டி முறைத்ததை அவர் பார்க்கவில்லை. தினமும் மூன்று தடவை டீ குடித்த ஜனங்கள். ஒரு தடவை போதும் என்று அவரிடம் சொல்ல ஒருவருக்கும் ஆறு வருடமாக மனம் வந்ததில்லை. நிறுத்துப் பார்த்தபோது முப்பதைத் தாண்டிவிட்டது. மாமனாரை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த நாலு நாளும் மேற்குக் கூடு முறை வைத்து அண்ணாச்சிக்குச் சோறு போட்டது. அதிலும் தேறாத எடைக்குக் கிழக்குக்காரர்கள் தங்கள் சாமானில் கொஞ்சத்தைக் கப்பல் வரும்வரை மேற்கே கடனாக அனுப்பினார்கள். பேரிங் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கி, கப்பல் வருகிற அன்று காலையில் வாயை மூடியது. ஆவுடையப்பன் அதன்மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, துலாவுக்கு வந்த நாளிலிருந்து தூங்காதவனைப் போலத் தூங்கினான். அவனுடைய எதிரெடைக்காரி ஒரு வாத்தியாரம்மா. அடுத்த கப்பலில் தனக்கும் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது என்று அவளாகவே சொன்னாள். பிரசவத்துக்கு முன்னால் அவன் வந்து சேர்ந்துவிடுவான்.

வழியனுப்புகிற ஏற்பாடு இப்படி: செண்பகவல்லி கிழக்குத் தண்டில் மேலே ஏறும்போது, மேற்குத் தண்டில் தொம்மையும் சாமான்களோடு ஏறுவார். அவள் கப்பலுக்குப் போனபின் அவர் தன் பக்கம் இறங்க, சாமான் கிழக்குப் பக்கம் இறங்கும். அதனால் நடுத்துறையில் சிறிது நேரம் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். எதிரெடைகள் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது, சேர்ந்து ஊருக்குத் திரும்புகிற அன்று மட்டும்தான்.

லிஃப்ட் ஏற ஏற அவளுக்கு எடை கரைந்தது. நடுத்துறையில் கால் தரையை விட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மிதந்தாள். எதிர்க் கதவு திறந்து, ஆர்மோனியத்துக்கும் கொப்பரைக்கும் நடுவே ஒரு மனிதர் வந்தார். குரலை வைத்து ஆஜானுபாகுவாக ஒருவரைக் கற்பனை செய்திருந்தாள். வந்தவரோ ஒல்லியாக, வழுக்கையாக, சட்டை தொளதொளவென்று, கன்னம் ஒட்டிப்போய் இருந்தார். அவளுக்காகப் பட்டினி கிடந்த உடம்பு.

"நீதானா தங்கச்சி!" என்றார். "இவ்வளவு சின்னப் புள்ளையா நீ?"

"நீங்களும் இவ்வளவுதானா அண்ணாச்சி?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் கண்ணில் திரண்ட நீர் விழாமல் அங்கேயே உருண்டு நின்றது. அவள் முந்தானையால் ஒற்றி எடுத்தாள். கப்பல்காரர் நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்.

"நீ ஏறும்மா. ஏறுனத பாத்துட்டு நான் எறங்குதேன்."

"இல்ல அண்ணாச்சி. நீங்க மொதல்ல எறங்குங்க."

"அது மொறை இல்லையே. கணக்கு தப்பிரும்லா."

"தப்பாது அண்ணாச்சி, நான் ஏறுததுக்கு முன்னயே உங்ககூட அந்தச் சாமானயும் எறக்கச் சொல்லியிருக்கேன். உங்க ஆவுடைதான் கணக்கு போட்டாரு. நான் பாக்கணும்."

என்ன பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஒரு பக்கம் சாமான் இறங்க, மறு பக்கம் அவர் இறங்கினார். லிஃப்ட் வாசலின் கண்ணாடி வழியாக மேற்குத் தண்டும் அதன் அடியில் இருக்கிற கூடமும் தெரியும். லிஃப்ட் சின்னப் பெட்டியாகி, இன்னும் சின்னதாகி, அடியில் போய் நின்றது. கதவு திறந்தது. ஒரு சிறிய உருவம் வெளியே வந்தது. ஒரு காலை எடுத்து வைத்தது, மறு காலை எடுத்து வைத்தது. இடது கால் கொஞ்சம் இழுக்கிறது என்பதை அவர் ஆறு வருடத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. கூடத்தின் குறுக்கே, யாரையும் பிடிக்காமல், அவசரமே இல்லாமல் நடந்துபோய் அந்தக் கோடியில் நின்றார். பிறகு திரும்பி, அவளுக்காக இன்னொரு தடவை நடந்து காட்டினார்.

செண்பகவல்லி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கப்பலுக்குள் போனாள்.